ஒன்பது மாதப் பையனோடு சைகை வகுப்பு: 8 வாரம் போய்வந்த அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொடுத்த பணம் வீண் போகவில்லை, யார் கேட்டாலும் போய்வாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் இன்னும் பேச்சு வராத கைக்குழந்தைக்குக் கையால் கேட்கப் பழக்கும் இந்த மாதிரி வகுப்புகளுக்கு வரும் விளம்பரங்களில் குழந்தை சீக்கிரம் பேசும், புத்தி கூடும் என்றெல்லாம் போடுகிறார்களே, அதை நம்பிப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். எங்களுக்குக் கிடைத்தது வேறு. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட். பையனுக்கு ஒன்பது மாதம் ஆனபோது மனைவி மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினாள். இந்த மாநிலத்தில் அப்பாக்களுக்கும் கிடைக்கிற 8 வாரக் குடும்ப விடுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ராஜபாளையத்திலிருந்து அம்மா வந்திருந்தார். பகலில் நாங்கள் மூன்று பேர்தான். சோறு ஊட்டும் நேரம்தான் பெரிய பாடு. பருப்புச் சோறு பிசைந்து கொடுத்தால் நாலு வாய் வாங்குவான், அப்புறம் வீலென்று ஒரு கத்து. தண்ணீர் வேண்டுமா, வயிறு நிறைந்துவிட்டதா, சோறு சூடா, நாற்காலியிலிருந்து இறக்கிவிட வேண்டுமா, ஒன்றும் புரியாது. நாங்கள் ஒவ்வொன்றாக நீட்டுவோம், அவன் ஒவ்வொன்றாகத் தட்டிவிடுவான், கடைசியில் மூன்று பேரும் சோர்ந்து போவோம். பக்கத்து வீட்டுச் சீன அம்மா ஒருவர்தான் தன் பேத்தி கையாலேயே எல்லாம் கேட்கிறாள் என்று சொல்லி இந்த வகுப்பைக் காட்டினார்.

ஃப்ரீமாண்ட்டுக்கும் சைகை மொழிக்கும் ஒரு உறவு உண்டு, இங்கே பல வருடம் இருந்தும் எனக்கு அது சரியாகத் தெரியாமல் இருந்தது. கலிபோர்னியா காது கேளாதோர் பள்ளி இந்த ஊரில்தான் இருக்கிறது. 1860இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி, அப்புறம் பெர்க்லிக்குப் போய், 1980இல் இங்கே வந்து சேர்ந்த பள்ளி. அதனால் காது கேளாத குடும்பங்கள் நிறையப் பேர் இந்த ஊரில் குடியிருக்கிறார்கள். காப்பிக் கடையில், மளிகைக் கடை வரிசையில், ஏரிக்கரைப் பூங்காவில் கையால் பேசிக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். நானும் பார்த்துக்கொண்டே கடந்து போனவன்தான்.

வகுப்பு சனிக்கிழமை காலை 10 மணிக்கு, ஒரு சிறிய சமூகக் கூடத்தில். 45 நிமிடம், 8 வாரம், 160 டாலர். குழந்தையோடு அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி யார் வந்தாலும் தனிக் கட்டணம் கிடையாது. நாங்கள் போனபோது ஒன்பது குழந்தைகள் இருந்தார்கள், ஆறு மாதத்திலிருந்து பதினாலு மாதம் வரை. இதற்கு முன்னால் வேறொரு இடத்தில் இரண்டு வாரம் போய்ப் பார்த்திருந்தோம், அது யார் என்று சொல்லப் போவதில்லை. அங்கே காது கேட்கும் ஒரு பெண் பாட்டுப் போட்டு, ஒரே நாளில் முப்பது சைகை காட்டினார். பாட்டு முடிந்ததும் முப்பதும் மறந்துபோயிற்று. நான் அங்கே இன்னொரு தடவை போகவில்லை.

இந்த வகுப்பை நடத்துகிறவர் காது கேளாதவர். ஐம்பது வயது இருக்கும். அவருடைய மகளுக்குக் காது கேட்கும், அந்தப் பெண் ஓரமாக உட்கார்ந்து தேவைப்படும்போது மட்டும் குரல் கொடுக்கிறாள். முதல் பத்து நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. ஒன்பது குழந்தைகள் இருக்கிற அறையில் பெரியவர்கள் யாரும் பேசாமல் இருந்து பார்த்திருக்கிறீர்களா? முதல் வாரம் எனக்கு மூச்சு முட்டியது. நம் வாய் எவ்வளவு நேரம் சும்மா ஓடிக்கொண்டே இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் எல்லோரையும் தன் பக்கம் பார்க்க வைக்க விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவார், இல்லையென்றால் மரத்தரையைக் காலால் தட்டுவார், அதிர்வு உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் வந்து சேரும். கைதட்டலுக்குப் பதிலாக இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை விரித்து அசைப்பது. பையனுக்கு முதலில் பிடித்தது அதுதான். வீட்டுக்கு வந்து மின்விசிறியைப் பார்த்தெல்லாம் அப்படிச் செய்தான்.

சைகைகளைப் பற்றிச் சொல்கிறேன், நிறையப் பேர் கேட்பது அதைத்தான். இது அமெரிக்கச் சைகை மொழி. பால் என்றால் மடி கறப்பது போல ஒரு கையை விரித்து மூடுவது. சாப்பாடு என்றால் விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோவது, நாம் தெருவில் நின்று எதிர்வீட்டுக்காரரிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். இன்னும் வேண்டும் என்றால் இரண்டு கை விரல் நுனிகளையும் குவித்து ஒன்றோடொன்று தட்டுவது. தண்ணீருக்கு மூன்று விரலை நிமிர்த்தித் தாடையில் தட்ட வேண்டும், சின்னக் குழந்தைக்கு மூன்று விரல் வராது, ஒற்றை விரலைத் தாடையில் குத்திக்கொள்ளும், அது போதும். விரித்த கையின் கட்டைவிரலைத் தாடையில் வைத்தால் அம்மா, நெற்றியில் வைத்தால் அப்பா. தாடையில் வைத்த கையை முன்பக்கமாக இரண்டு துள்ளல் துள்ளவிட்டால் பாட்டி. எனக்கு ரொம்பப் பிடித்தது வலிக்கான சைகை. இரண்டு ஆட்காட்டி விரல்களையும் எதிரெதிரே குத்துவது போலக் காட்டுவது. அதை எந்த இடத்துக்குப் பக்கத்தில் காட்டுகிறோமோ அந்த இடத்தில் வலி. வயிற்றுக்குப் பக்கத்தில் காட்டினால் வயிற்றுவலி, காதுக்குப் பக்கத்தில் காட்டினால் காதுவலி. நம் பேச்சில் இரண்டு சொல் வேண்டியதை அங்கே ஒரே அசைவு சொல்லிவிடுகிறது.

முடிந்துவிட்டது, போதும் என்பதற்கு இரண்டு கைகளையும் விரித்து வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். இதில் எங்கள் வீட்டில் ஒரு பெரிய குழப்பம் வந்தது. நம் ஊரில் கையை அப்படித் திருப்பினால் என்ன, எங்கே என்று கேட்பதாக அர்த்தம், இல்லையா? பையன் பாவம் போதும் போதும் என்று கையைத் திருப்ப, அம்மா, "என்னய்யா கேக்க? இதுவா? பருப்புய்யா, பருப்பு" என்று இன்னொரு வாய் ஊட்டுவார். இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. இங்கே வீட்டுக்குத் தாத்தா பாட்டி வந்து போகிற தமிழ்க் குடும்பங்கள் இந்த ஒரு சைகையை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். முதல் ஐந்து வாரம் அவன் கையால் எதையுமே கேட்கவில்லை. பக்கத்துக் குழந்தை மூன்றாம் வாரமே பால் கேட்டுவிட்டது, எனக்குள்ளே ஒரு சின்னப் பொறாமை. ஆசிரியை என்னைத்தான் திருத்தினார், அவனை அல்ல. நான் அவன் வேறெங்கோ பார்க்கும்போது சைகை காட்டிக்கொண்டிருந்தேன். முதலில் அவன் கண் உங்கள் முகத்துக்கு வரட்டும், வந்த பிறகு கையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாகக் காட்டுங்கள், காட்டிவிட்டுப் பத்து எண்ணும் வரை காத்திருங்கள், இதுதான் அவர் வெள்ளைப் பலகையில் எழுதிக்காட்டியது. காது கேளாத பெற்றோர் தங்கள் குழந்தையிடம் இப்படித்தான் பேசுவார்களாம். வழக்கத்தை விட மெதுவாக, பெரிதாக, சில நேரம் குழந்தையின் உடம்பின் மேலேயே சைகையைத் தொட்டுக் காட்டி. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகள் கையாலேயே மழலை பேசுவதை லாரா ஆன் பெட்டிட்டோ என்பவர் ஆராய்ந்து 1991இல் வெளியிட்டார். நம் குழந்தைகள் தத்தத்தா பப்பப்பா என்பதுபோல அங்கே விரல்கள் சும்மாவே அசைந்து பழகுமாம். அதைக் கேட்டபிறகு பையன் தொட்டிலில் படுத்துக்கொண்டு கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை நான் வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தேன்.

பத்து எண்ணுவது சொல்வதற்குத்தான் எளிது. செய்து பாருங்கள், மூன்று எண்ணுவதற்குள் நம் கை தானாகக் கரண்டியை நீட்டிவிடும். ஆறாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, நான் ஏழு எண்ணியிருப்பேன், பையன் என் முகத்தைப் பார்த்தான், அப்புறம் தன் கையைப் பார்த்தான், மெதுவாக விரித்து மூடினான். பால். நான் எழுந்து ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன், என் கை நடுங்கியது. அடுத்த ஒரு வாரம் எல்லாமே பால்தான், குளிர்பதனப் பெட்டி பால், அம்மா பால், அடுப்படிக் கதவும் பால். ஆசிரியை சிரித்துக்கொண்டே, விட்டுவிடுங்கள், தானாகப் பிரியும் என்றார். பிரிந்தது. வகுப்பு முடியும்போது நாலு சைகை, ஒரு வயதில் பன்னிரண்டு.

சாப்பாட்டு நேரக் கத்தல் முழுதாக நின்றுவிடவில்லை. பாதியாகக் குறைந்தது. கத்துகிறவன் கத்துவதற்கு முன்னால் ஒருமுறை கையைக் காட்டிப் பார்க்கிறான் என்பதே எங்களுக்குப் பெரிய நிம்மதி.

ஒன்பது மாதம் என்பது நம் முன்னோர் கணக்கும்தான். பிள்ளைத்தமிழில் செங்கீரை, தால் எல்லாம் தாண்டிச் சப்பாணிப் பருவம் வருவது ஒன்பதாம் மாதம், குழந்தை இரண்டு கைகளையும் சேர்த்துத் தட்டும் பருவம். கையும் மனசும் ஒன்றுசேரும் வயது அது என்று கண்டுவைத்திருக்கிறார்கள். அப்புறம் அம்புலி, கையை நீட்டி நிலாவைக் கூப்பிடும் பருவம். நம் வீடுகளில் டாட்டா காட்டச் சொல்கிறோம், சாமி கும்பிடச் சொல்கிறோம், நிலாவை வா வா என்று அழைக்கச் சொல்கிறோம், இதெல்லாம் பேச்சுக்கு முந்திய கைப்பேச்சு இல்லாமல் என்ன? வித்தியாசம் ஒன்றுதான், அவற்றில் பெரும்பாலும் நாம் கேட்டு அவன் செய்து காட்டுகிறான். இங்கே அவன் கேட்கிறான், நாம் செய்கிறோம்.

சரி, புத்தி கூடுமா, பேச்சு முந்துமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கெல்லாம் தொடக்கம் எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிற டேவிஸ் நகரம். அங்கே கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த லிண்டா அக்ரடோலோ, 1982 வாக்கில் தன் ஒரு வயது மகள் பூவைப் பார்த்ததும் பேச்சில்லாமல் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிக் காட்டுவதைக் கவனித்தார். அதிலிருந்து சூசன் குட்வினோடு சேர்ந்து நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தார். சைகை பழகிய குழந்தைகள் பேச்சில் கொஞ்சம் முன்னால் இருந்தார்கள் என்பது அவர்கள் முடிவு. எட்டு வயதில் அறிவுத்திறன் 12 புள்ளி கூட இருந்தது என்று 2000இல் ஒரு மாநாட்டில் சொன்னார்கள். விளம்பரங்கள் எல்லாம் இன்றுவரை தூக்கிப் பிடிப்பது அந்தப் பன்னிரண்டைத்தான். ஆனால் பிறகு இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தார் 40 குழந்தைகளை எட்டு மாதத்திலிருந்து இருபது மாதம் வரை தொடர்ந்து பார்த்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்குச் சைகை, சிலருக்குச் சாதாரணக் கையசைவு, சிலருக்குச் சொல் மட்டும், சிலருக்கு ஒன்றுமில்லை. பேச்சு வளர்ச்சியில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் சைகை காட்டிய தாய்மார்கள் குழந்தையின் சின்னச் சின்னக் குறிப்புகளைக் கூடுதலாகக் கவனித்து அதற்கு ஏற்ப நடந்துகொண்டார்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததும் அதுவே. இப்போது பையனுக்கு இருபத்திரண்டு மாதம். பேச்சு முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. பதின்மூன்று மாதத்தில் "பா" என்றான், இப்போது "பால் போதும்" என்கிறான். சைகையே தெரியாத என் அக்கா மகனும் அதே வயதில் அதே அளவுதான் பேசினான். மாறினது நான். அவன் ஏதாவது கேட்கிறான் என்று தெரிந்தால் இப்போது கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்க்கிறேன். ஒரு நாள் மாலை பூங்காவில் அவனைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கும்போது, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் பிறை மாதிரி வளைத்துக் கண்ணோரம் வைத்து மேலே தூக்கினான், நிலாவுக்கான சைகை. வெயில் இன்னும் இறங்கவில்லை, எங்கே நிலா என்று தேடினேன். மிஷன் பீக் மலைக்கு மேலே வெளுத்துப்போய் ஒரு துண்டு இருந்தது. அவன் காட்டாவிட்டால் நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

வெளிநாட்டில் வளர்க்கிற தமிழ்ப் பெற்றோருக்கு இன்னொரு பெரிய உபயோகம் உண்டு, இதை எந்த விளம்பரத்திலும் நான் பார்க்கவில்லை. என் விடுப்பு முடிந்ததும் பையனைக் காப்பகத்தில் விட்டோம். வீட்டில் முழுக்கத் தமிழ். காப்பகத்தில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அவன் "தண்ணி" என்று அழுதால் அங்கே யாருக்கு என்ன புரியும்? ஆனால் விரலைத் தாடையில் குத்தினான், அங்கிருந்த பெண் உடனே தண்ணீர் எடுத்துக் கொடுத்தாராம். இந்தப் பக்கத்துக் காப்பகங்களில் இன்னும், போதும், தண்ணீர் மாதிரி நாலைந்து சைகை பலருக்குத் தெரிந்திருக்கிறது. காப்பகத்துக்குப் போகிறான் என்பதற்காக வீட்டில் இங்கிலீஷுக்கு மாறிவிட வேண்டும் என்று எங்களிடம் சொன்னவர்கள் எத்தனையோ பேர். மாறத் தேவையில்லை. அம்மா "தண்ணி" என்று சொல்லிக்கொண்டு அந்தச் சைகையைக் காட்டுவார், காப்பகத்தில் "வாட்டர்" என்று சொல்லிக்கொண்டு அதே சைகையைக் காட்டுவார்கள், பையன் இரண்டு சொல்லையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டான்.

அம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் அவருக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "வாய் இருக்கிற பிள்ளைக்கு எதுக்குய்யா கை? பேச்சு வராமப் போயிடும்" என்று முதல் வாரம் வரவே மறுத்துவிட்டார். இரண்டாம் வாரம் என் வற்புறுத்தலுக்காக வந்தார். வந்தவர் அந்த ஆசிரியையோடு பேசிய வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. நான் ஒவ்வொரு சைகையையும் மனப்பாடம் செய்துகொண்டிருக்க, அம்மா முகத்தாலும் புருவத்தாலும் தோளாலும் கேள்வி கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டிருந்தார். எத்தனை பிள்ளைகள், எந்த ஊர், கால்வலிக்கு என்ன செய்கிறாய் என்பது வரை. வீட்டுக்கு வரும் வழியில்தான் காரணம் சொன்னார். அவர் இருபது வருடம் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் கோன் வைண்டிங், அதாவது நூலைக் கூம்பில் சுற்றும் வேலை, பார்த்தவர். இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லாம் கைதான். மேஸ்திரி வருகிறார், டீ வந்தாச்சு, ஷிஃப்ட் முடிய இன்னும் எவ்வளவு நேரம், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதா, எல்லாவற்றுக்கும் ஒரு கை இருந்ததாம். எனக்கு முப்பத்தைந்து வயது, என் அம்மாவுக்கு இப்படி ஒரு பேச்சு தெரியும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதில் ஒன்றை அவர் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு கையிலும் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து, நூலைப் பிடித்த மாதிரி ஒன்றாக வைத்து, சட்டென்று பிரிப்பது. நூல் அறுந்துபோச்சு. பையன் அதைப் பிடித்துக்கொண்டு பிஸ்கட் உடைந்தாலும் அதையே காட்டினான், பொம்மையின் சக்கரம் கழன்றாலும் அதையே காட்டினான். ஆசிரியையிடம் சொன்னபோது அவருக்கு ஒரே சந்தோஷம். அவர்கள் மொழியில் உடைந்தது என்பதற்கு இரண்டு முஷ்டிகளைச் சேர்த்து வைத்துக் குச்சியை ஒடிப்பது போலப் பிரிப்பார்கள், கிட்டத்தட்ட ஒன்றுதான். உங்கள் வீட்டுச் சைகையை மாற்றாதீர்கள், அப்படியே வைத்திருங்கள் என்று எழுதிக்காட்டினார்.

கடைசி வாரம் அவர் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு ஒரு விஷயம் சொன்னார், அது என் மனசை விட்டுப் போகவில்லை. காது கேட்கும் குழந்தைக்குச் சைகை சொல்லிக்கொடுக்கப் பணம் கட்டி வருகிறீர்கள், ரொம்ப சந்தோஷம். ஆனால் காது கேளாத குழந்தை பிறந்தால் அதே சைகையைக் கற்றுத்தராதே, பேச்சு வராமல் போய்விடும் என்று பெற்றோருக்குச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறவர்கள், அந்தப் பெற்றோரில் பெரும்பாலோருக்குச் சைகை தெரியாது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோருக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கூடி, பள்ளிகளில் சைகை வேண்டாம், வாய்ப்பேச்சே வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதன் வழியாகப் பல நாடுகளில் பிள்ளைகளின் கையைக் கட்டிப்போட்டார்கள். அதே மாநாட்டின் தொடர்ச்சி 2010இல் வான்கூவரில் கூடியபோதுதான் அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவித்தார்கள். 130 வருடம். அம்மா வீட்டுக்கு வந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் எங்கள் தெருவில் இருந்த ஒரு பையனைப் பற்றிச் சொன்னார். அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஊமையன் என்பார்கள், பள்ளிக்கூடமும் போகவில்லை. "மில்லுல நாங்க அத்தனை பேரு கையால பேசினோமே, அவங்கிட்ட ஒருத்தி பேசலையேய்யா" என்றார். முதல் வாரம் பேச்சு வராமப் போயிடும் என்று பயந்தவர் அவர்தான்.

அதனால் இருபது சைகை தெரிந்துகொண்டு என் பிள்ளைக்குச் சைகை மொழி தெரியும் என்று சொல்லாதீர்கள் என்பது ஆசிரியையின் வேண்டுகோள், என் வேண்டுகோளும். அது தனக்கென்று இலக்கணம் உள்ள முழு மொழி. வில்லியம் ஸ்டோக்கீ என்பவர் 1960இல் அதை எழுதிக் காட்டும் வரை படித்தவர்களே ஒப்புக்கொள்ளவில்லை. நமக்குக் கிடைப்பது அதிலிருந்து எடுத்த ஒரு கைப்பிடி சொற்கள். நான் இப்போது பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன், அதே ஆசிரியையிடம்.

குறைகளும் உண்டு. வகுப்போடு 50 படம் போட்ட அட்டைக்கட்டு ஒன்று தருகிறார்கள், அது தண்டம். அசைவை அட்டையில் எப்படிப் பார்ப்பது? பையன் ஓரத்தைக் கடித்ததோடு சரி. கடைசி இரண்டு வாரம் நிறங்கள், விலங்குகள் என்று வேகமாக ஓடியது, அந்த வயதில் பச்சை சிவப்பு யாருக்கு வேண்டும்? அதற்குப் பதில் பயம், வலி, உதவி இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாம். ஒன்பது குழந்தைகள் அதிகம், ஆறு போதும். பத்து மணி என்பது பல குழந்தைகளுக்குத் தூங்கும் நேரம், பாதிப் பேர் சிணுங்கிக்கொண்டே இருந்தார்கள். செயலி ஒன்றும் நாங்கள் முதலில் வாங்கினோம், வகுப்போடு சேர்ந்தது அல்ல, அது மாதாமாதம் பணம் எடுத்துக்கொண்டதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. பதினெட்டு மாதம் வரை குழந்தைக்குத் திரை வேண்டாம் என்றுதான் இங்கே குழந்தை மருத்துவர் சங்கமும் சொல்கிறது, வீடியோ அழைப்பு மட்டும் விதிவிலக்கு. நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிற சைகை வீடியோக்களை நாங்கள் பார்த்துக் கற்றுக்கொண்டு அவனுக்குக் கையால் காட்டினோம்.

மொத்தத்தில் 5க்கு 4 கொடுப்பேன். அந்த ஒரு புள்ளி அட்டைக்கும் நேரத்துக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் அமெரிக்கச் சைகையை எடுக்க வேண்டாம். இந்தியச் சைகை மொழி வேறு, எழுத்துகளைக் காட்டுவதே அங்கே இரண்டு கையால், இங்கே ஒரு கையால். டெல்லியில் 2015இல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் வீடியோ அகராதி வைத்திருக்கிறது. 2018இல் 3,000 சொல்லோடு தொடங்கி 2021இல் 10,000 ஆக்கினார்கள், இணையத்தில் இலவசம். அதிலிருந்து பத்துச் சொல் எடுத்தால் ஒரு குழந்தைக்குத் தாராளம். பக்கத்தில் காது கேளாத ஆசிரியர் யாராவது கிடைத்தால் அவரிடமே போங்கள், பணமும் அவருக்கே போகட்டும்.

இன்னொன்றையும் மறக்காமல் சொல்லிவிடுகிறேன். கையால் எல்லாம் கேட்கிறானே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பிறந்ததும் காது பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். கூப்பிட்டால் திரும்பவில்லை என்றாலோ, ஒன்றரை வயதாகியும் சொல் எதுவும் வரவில்லை என்றாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சைகை காட்டும்போது வாயாலும் சொல்லுங்கள், நாங்கள் ஒரு தடவை கூடச் சொல்லாமல் காட்டியதில்லை, வகுப்பில் அந்த முதல் பத்து நிமிடம் தவிர.

அம்மா ஆறு மாதம் முடிந்து ஊருக்குத் திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் கூப்பிடுவோம், அங்கே இரவு. ராஜபாளையத்தில் சிக்னல் சரியில்லாமல் குரல் விட்டுவிட்டு வரும், பாதி வார்த்தை கேட்காது, ஆனால் இரண்டு பேருக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. அவன் தாடையில் கையை வைத்து இரண்டு துள்ளல் துள்ளவிடுவான், அவர் சாப்பிட்டியா என்று விரலைக் குவிப்பார், அவன் இன்னும் இன்னும் என்று தட்டுவான். போன வாரம் நடுவில் படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. பையன் என்னைத் திரும்பிப் பார்த்து, இரண்டு கை விரல்களையும் சேர்த்து வைத்து, சட்டென்று பிரித்துக் காட்டினான்.